கருகமணி கட்டுன நேரத்துல ஓடின ஃபேன்

தாராவியில லேப்டாப் வச்சிருக்கிறவ வீட்டுக்குக் கதவு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். கரண்ட் பில் கட்டணுமா, மாரீஸ்வரி. ஆதார்ல பேரு மாத்தணுமா, மாரீஸ்வரி. நான் மாட்டுங்காவுல ஒரு கூரியர் ஆபீஸ்ல பார்சல் நம்பர் தட்டுறவ. ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட லேப்டாப்பை எனக்குத் தந்தாங்க. அந்தச் சவத்தை வச்சுக்கிட்டு நான் என்னமோ கலெக்டர் ஆபீஸ் நடத்துற மாதிரி ஊரே வந்து நிக்கும்.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. தலைக்கு எண்ணெய் தேச்சுட்டு உக்காந்திருக்கேன், பக்கத்துக் கோலி, அதான் பக்கத்து ஒத்த ரூம் வீட்டு சைனப் அக்கா, போனும் கையுமா வந்து நின்னா.

"ஏளா மாரி, உமைரா கல்யாணத்தைக் குவைத்துக்கு அனுப்பணும்ளா."

"அனுப்புங்க. யாரு வேண்டாங்கா?"

"போகமாட்டேங்கே!"

போனை வாங்கிப் பாத்தேன். எப்படிப் போகும்? மருதாணி வச்சதுலேர்ந்து பொண்ணை வண்டியேத்தி விட்டது வரைக்கும் நிறுத்தாம வீடியோ எடுத்து வச்சிருக்கா. அதுவும் போன்ல இருக்கிறதுலயே பெரிய குவாலிட்டியில. ஏன்க்கா இப்படின்னு கேட்டேன். "பெருசா எடுத்தா கூடக் காசா கேக்கான்? கிடைக்கிறதை ஏன் விடணும்னு எடுத்தேன்"னா. பந்தியில தண்ணி ஊத்தின சொம்பு கூடச் சினிமா தியேட்டர் சைஸுக்கு இருந்துச்சு.

சைனப் அக்காவைப் பத்திச் சொல்லணும். மேலப்பாளையத்துக்காரி. இனாயத்துல்லா பாயைக் கட்டிக்கிட்டு இங்க வந்தவ. பாய் இதே சந்துல பை தைக்கிற பட்டறை வச்சிருக்காவ. அக்கா வீட்டுலயே மிஷின் போட்டு அந்தப் பைக்கெல்லாம் உள்துணி தைப்பா. பிள்ளை இல்ல. தங்கச்சி ராபியாவோட புருஷன் சின்ன வயசுலயே மவுத்தாயிட்டான். ராபியா கைப்பிள்ளையா இருந்த உமைராவை அக்கா மடியில போட்டுட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனா. போனவதான். ரெண்டு மூணு தடவை வந்துட்டுப் போனா, அவ்வளவுதான். உமைராவை வளத்தது, படிக்க வச்சது, விளக்குமாத்தால அடிச்சது எல்லாம் அக்காதான்.

அக்காவுக்கு இன்னொரு சொத்து உண்டு, தொண்டை. அவ குலவை போட்டா சயான் ஸ்டேஷன்ல ரயிலு நின்னுரும்னு பாய் சொல்லுவாவ. முஸ்லிம் வீடு, எங்க வீடுன்னு கணக்கு கிடையாது. எங்க அண்ணன் கல்யாணத்துக்கே அவளைத்தான் கூப்பிட்டு முன்னால நிறுத்துனோம். வடாலாவுலேர்ந்து கூட ஆளு வந்து அழைச்சிட்டுப் போவும்.

உமைரா கல்யாணத்துக்கு ராபியாவுக்கு லீவு கிடைக்கல. அன்னைக்குன்னு பாத்து எஜமானியம்மா வீட்டுல விருந்து. வீடியோ கால் போட்டா, மூஞ்சி கட்டம் கட்டமா வந்து அப்படியே நின்னுபோச்சு. பெத்தவ தன் ஒத்தப் பொண்ணு கல்யாணத்தைக் கண்ணால பாக்கல. அவகிட்ட இருக்கிறது அந்த வீட்டுப் பையன் கழிச்சுப் போட்ட போன். அதுல இடமும் கிடையாது. அதுக்குள்ள இந்தக் கல்யாணத்தை அடைச்சு அனுப்பணும். இதுதான் எனக்கு வந்த உத்தரவு.

"ஸ்டுடியோக்காரன் எடுத்தானே, அதை அனுப்புங்களேன்?"

"அதுல என்ன இருக்கு? தாடியும் பிரியாணியும்தான் இருக்கு."

நெசந்தான். அவங்க கல்யாணத்துல பொம்பளைங்க தனியா இருப்பாங்க. அந்தப் பக்கம் எந்த ஆம்பளையும் கேமராவைத் தூக்கிட்டு வரமுடியாது. எடுத்த படத்தை வெளி ஆம்பளைகிட்ட வெட்டி ஒட்டக் குடுக்கவும் கூடாது. அதனாலதான் அக்காவே எடுத்தா, அதனாலதான் வேலை என் தலையில விழுந்துச்சு.

முதல்ல இன்டர்நெட்ல தேடினேன். 'இலவசமாகச் சுருக்கித் தருகிறோம்'னு ஒரு சைட். "வீடியோவை இங்க ஏத்தணும்க்கா, அவன் சுருக்கித் திருப்பித் தருவான்"னேன்.

"யாருளா அவன்?"

"எவனோ. எனக்கென்ன தெரியும்?"

படார்னு லேப்டாப்பை மூடினா. என் விரல் உள்ள இருந்துச்சு.

"தலையில முக்காடு இல்லாம எத்தனை பேரு இருக்காளுவ! எவனோ ஒருத்தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுதியே, வெக்கமா இல்ல?"

"வாட்ஸ்அப்பும் நெட்டுதான்க்கா."

"அது குடும்பம்."

இதுக்கு மேல பேசினா பேசுறவதான் பைத்தியம். சரி, நெட்டே இல்லாம வீட்டுக்குள்ளயே வேலை செய்யுற சாஃப்ட்வேர் வேணும், காசும் ஆகக்கூடாது. ஆபீஸ்ல வெங்கிகிட்ட கேட்டேன். அவன் ஒண்ணு சொன்னான், அதுக்கு மாசாமாசம் கட்டணும். கோலிக்கே வாடகை குடுத்து நாக்குத் தள்ளுது, இதுல கத்திரிக்கோலுக்கும் வாடகையா? இன்னொண்ணு சும்மா குடுத்தான். வெட்டி முடிச்சுப் பாத்தா, உமைரா நெத்தியில கம்பெனி பேரை ஒட்டி வச்சிருக்கு, சந்தையில மாட்டுக்கு முத்திரை குத்துன மாதிரி. "என் பிள்ளைய எவன்ளா வெலைக்கு வாங்குனான்?"னு அக்கா என்னை அடிக்க வந்துட்டா.

நடுவுல இனாயத் பாய் ஒரு பென்டிரைவ் கொண்டு வந்தாவ. "ஃபுல் வெர்ஷன், ஏக்தம் ஃப்ரீ"ன்னாவ. செருகினதும் லேப்டாப் வைரஸ் வைரஸ்னு சிவப்பு சிவப்பா கத்த ஆரம்பிச்சுட்டு. பாய் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு, டீ குடிக்கப் போறேன்னு போனவர்தான்.

கடைசியா ரெண்டு கிடைச்சுது. வெட்ட ஷாட்கட், சுருக்க ஹேண்ட்பிரேக். ரெண்டுக்கும் காசு இல்ல, நெத்தியில முத்திரை இல்ல, நெட் ஒயரைப் பிடுங்கிப் போட்டாலும் வேலை ஓடும். அக்கா கண்ணு முன்னால நெட்டை அணைச்சுக் காமிச்ச பொறவுதான் நம்பினா.

வெட்டுற விஷயம் சந்துக்குள்ள தெரிஞ்சுபோச்சு. பொறவென்ன, ஆளாளுக்கு வந்துட்டாளுவ. "மாரி, நான் எலும்பு கடிக்கிற இடத்தை எடுத்துரு." "என் தலைமுடி தெரியுது, எடுத்துரு." "நான் அவகூடச் சிரிச்சுப் பேசுறேன்ல, அதை எடுத்துரு, இப்ப எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல." எடுத்துரு, எடுத்துரு, எடுத்துரு. ஹேண்ட்பிரேக்குக்கு வேலையே வைக்காம பொம்பளைங்களே கல்யாணத்தைப் பாதியாச் சுருக்கிட்டாங்க. இன்னும் ரெண்டு பேரு வந்திருந்தா மணப்பொண்ணும் காலி நாற்காலியும்தான் மிஞ்சியிருக்கும்.

அப்பதான் அந்த இடம் வந்துச்சு.

ஆம்பளைங்க பக்கம் நிக்காஹ் முடிஞ்சதும் மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி வந்து பொண்ணு கழுத்துல கருகமணி கட்டுவாங்க. நம்ம தாலி மாதிரி. விக்ரோலியிலேர்ந்து வந்த நாத்தனாக்காரி மெஹக் கருகமணியைக் கையில எடுக்கிறா. உமைரா தலை குனியுறா. படக்குனு படம் புரண்டுச்சு. ஃபேன். ஹால் கூரையில ஓடுற ஃபேன். பின்னால அக்காவோட குலவை மட்டும் லேப்டாப் ஸ்பீக்கர் கிழிய கேக்குது. குலவை முடிஞ்சு படம் நிமிந்து பாத்தா, கழுத்துல கருகமணி ஏறியாச்சு.

"என்னக்கா இது?"

அக்கா மூஞ்சி செத்துப்போச்சு. "குலவை போடணும்லா. வலது கையை வாய்க்கிட்ட வச்சேன். நல்ல காரியத்துக்குப் பீச்சாங்கையாலயா போடச் சொல்லுத? போனை இந்தக் கையில தொங்கவிட்டுட்டேன் போல."

"வேற யாராவது எடுத்திருப்பாங்க. கேப்போம்."

"ஒருத்தியும் எடுக்கல. நான் ஒருத்தி எடுக்கேன், மத்தவ எல்லாம் போனை உள்ள வைங்கன்னு நான்தானே கத்தினேன்."

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக்கூடாது. ஏன்னா அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. அவ அழுது நான் பாத்ததில்ல. "அவ பிள்ளைய நான்தான் வளத்தேன், ஆண்டு அனுபவிச்சேன். அவளுக்கு நான் குடுக்க வேண்டியது இந்த ஒண்ணுதான். அதுலயும் ஃபேனைக் காட்டுதேனே, ரப்பே!" கொஞ்ச நேரம் கழிச்சு, "அதை வெட்டிரு. நெட்டு தின்னுட்டுன்னு சொல்லிருவோம்"னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

வெட்ட எனக்குக் கை வரல. எனக்கு அவமேல கோபமும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. மறுநாள் நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அக்கா டீ டம்ளரோட வந்து வாசல்ல நின்னா. "வெட்டாத. ஊரு முழுக்க எடுத்துரு எடுத்துருன்னு பாதிய எடுத்தாச்சு. நான் பண்ணின தப்பாவது அதுல இருக்கட்டும். கேட்டா உள்ளதைச் சொல்லுதேன்."

அன்னைக்குச் சாயங்காலமே சுருக்கினேன். அந்தப் போனுக்குத் தக்கன அமுக்கினதுல முகமெல்லாம் மங்கிப்போச்சு. முக்காடு போட்டவ யாரு, போடாதவ யாருன்னே தெரியல. சந்துல எல்லாருக்கும் பரம திருப்தி. துண்டு துண்டா அனுப்பினோம். டிக் நீலமாச்சு. பதில் இல்ல. அக்கா மிஷின்ல உக்காந்து ஒரு பைக்கு உள்துணியை வெளியில வச்சுத் தைச்சுட்டு, பாய்கிட்ட ஏச்சு வாங்கினா.

வெள்ளிக்கிழமை ராபியாகிட்டேர்ந்து வாய்ஸ் மெசேஜ். அக்காவுக்குத் தனியாக் கேக்கத் தைரியம் இல்ல, என்னைக் கூப்பிட்டா. போட்டோம். முதல்ல பாத்திரம் உருளுற சத்தம். பொறவு குலவை. மெல்ல, உதட்டுக்குள்ளயே, எஜமானியம்மா காதுல விழுந்துரக்கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டுப் போட்ட குலவை.

"அக்கா, மத்ததெல்லாம் ஒரு தடவைதான் பாத்தேன். அந்த ஃபேன் ஓடுற இடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போடுதேன். நானும் அங்கன தரையில உன் பக்கத்துல உக்காந்து அண்ணாந்து பாக்க மாதிரியே இருக்கு. நீ போட்டே, கூட நானும் போட்டுட்டேன். என் பிள்ளைக்கு நானும் குலவை போட்டுட்டேன்க்கா."

அக்கா போனை வாய்க்கிட்ட கொண்டு போனா. பதில் குலவை போடத்தான். வலது கையையும் வச்சுக்கிட்டா. சத்தம் வரல. ரயிலை நிறுத்துற தொண்டை, காத்து மட்டும் வருது. திரும்பவும் வச்சா, வரல.

"ஏளா மாரி, நீ போடுளா."

எனக்கு ஆயுசுக்கும் குலவை வந்ததில்ல. போட்டேன். கோழியை நெரிக்கிற மாதிரி இருக்குன்னு பட்டறையிலேர்ந்து பாய் சத்தம் போட்டாவ. அதை அப்படியே அனுப்பிட்டோம்.