ஸ்டீயரிங்கைக் கீழே பிடித்தவன்

சேதி வந்தபோது நான் கடையில் ஒரு சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். வில்லியனூர் கொம்யூன் ஊர்களில் என் கையில் நேராகாத சக்கரம் கிடையாது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். பனித்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை, கூடையைக்கூட இறக்காமல் கடை வாசலில் நின்றாள்.

“சைக்கிள்கட அண்ணே, ஒங்க ஷோபேரு பூட்டாராம்பா. ஆஸ்பத்திரிலேருந்து இப்பதான் வூட்டுக்கு எடுத்தாராங்க.”

என் சிநேகிதன் சவரிமுத்துவைத்தான் சொன்னாள்; மோட்டார் ஓட்டுகிறவனுக்கு நம் பக்கம் ஷோபேர் என்றுதான் பேர். என் முன்னால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மோட்டார் ஓட்டும் நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். படித்தவர்கள் நாலு பேர் ஊரில் இருக்க என்னைக் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவன். அதற்கு மேல் சொல்லித்தர அங்கிருந்த வாத்தியாரிடம் சரக்கு இல்லை. அது போக, சவரிமுத்துவின் காரில் அவனுக்குப் பக்கத்து இருக்கையில் என்னைப்போல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் வேறு யாரும் இல்லை.

அந்தக் கறுப்புக் காரை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சைகோனில் சிப்பாயாக இருந்து திரும்பிய ஒருவரிடம் சவரி வாங்கிய பழைய பிரெஞ்சு வண்டி. ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். ஒரு காலத்தில் அதில் கவர்னரே உட்கார்ந்து போயிருக்கிறார் என்று நான் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். சவரி சிரிப்பான். “கவர்னரு இல்ல மச்சான், அவரு வூட்டு நாயி ஒக்காந்திருக்கும். சீட்ட மோந்து பாரு” என்பான்.

அவன் அந்த வண்டியை வாங்கியது சவாரிக்காக என்றுதான் ஊரில் நினைத்தார்கள். காரணம் வேறு. அவன் மனைவி லூர்துமேரிக்கு முதல் பிரசவம் சிக்கலானபோது மாட்டு வண்டியில் போட்டுப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட்டு மூடியிருந்தது. ரயில் வந்து போய்க் கேட்டைத் திறப்பதற்குள் குழந்தை போய்விட்டது. அதன் பிறகு வெகு நாள் அந்தத் தங்கச்சி அந்த ரஸ்தாவில் கால் வைக்கவில்லை. இரண்டாவது உண்டானதும் சவரி இருந்ததையெல்லாம் விற்றுக் காரை வாங்கினான். என்னிடம் ஒன்றுதான் சொன்னான். “இந்தத் தடவ வண்டியால எதுவும் ஆவக் கூடாது மச்சான்.”

வண்டி வந்த சில மாதங்களிலேயே ஸ்டீயரிங்கில் ஆட்டம் கண்டது. கால் சுற்று சுற்றின பிறகுதான் சக்கரம் ‘டக்’ என்று அசையும். அந்த ‘டக்’ என் நெஞ்சுக்குள் கேட்கும். பிரித்துப் பார்த்தால், ஸ்டீயரிங் தண்டு வந்து இறங்குகிற இரும்புப் பெட்டிக்குள் பல் எல்லாம் தேய்ந்து கிடந்தது. பெட்டியின் உறையிலும் விரிசல். கழற்றும்போது அது இரண்டாகவே போயிற்று. இனி பழையதை மாட்டவும் வழியில்லை.

முன்பெல்லாம் இந்தச் சாமான் கப்பலில் வரும். துறைமுகத்துப் பக்கம் பிரெஞ்சு மோட்டார் சாமான் விற்ற கடை, பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய கையோடு பூட்டிக்கொண்டு போய்விட்டது. லூர்துமேரிக்கோ எட்டாம் மாதம். செங்கல் மேல் தூக்கி நிறுத்திய காரை அவள் வாசலில் நின்று பார்ப்பாள். எதுவும் கேட்க மாட்டாள். அவள் கேட்காததுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது.

நான் மதராஸுக்குப் போனேன். பழைய மோட்டார் சாமான் விற்கிற தெருவில் நான் கேட்ட கேள்விகளைக் கேட்டுக் கடைக்காரர்கள் என்னைப் பெரிய இஞ்சினீயர் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். நாற்காலி இல்லை, முக்காலி. அதுவும் ஒரு கடையில்தான். ஆனால் சாமானைக் கண்டுபிடித்துவிட்டேன். அதே கம்பெனி முத்திரை, அதே பல், அதே கனம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் “புள்ளையா தூக்கினு வர்றீங்க?” என்று கேட்டார். “கிட்டத்தட்ட” என்றேன்.

போல்ட்டுத் துளைகள் முதலில் சேரவில்லை. தலைகீழாகத் திருப்பினோம். கனகச்சிதமாகப் பொருந்தியது. சவரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கிளப்பி வெளியே எடுத்தான். தெருமுனையில் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தான். வண்டி வலது பக்கம் போயிற்று. அவன் பதறி இன்னும் இடது பக்கம் ஒடிக்க, அது இன்னும் வலது பக்கம் போய் ஒரு வைக்கோல் போரில் முட்டி நின்றது.

நாங்கள் இருவரும் மேலே விழுந்த வைக்கோலைத் தட்டிவிட்டோம். பிறகு சவரி மெதுவாகக் கேட்டான்.

“மச்சான், இது மதராஸ்ல எந்த வண்டிலேருந்து கழட்டினது?”

“அதே கம்பெனிதாண்டா.”

“கம்பெனி அதான். ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?”

அப்போதுதான் விளங்கியது. இங்கிலீஷ்காரன் ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதற்காகச் செய்து அனுப்பிய வண்டியின் பெட்டி அது. நம் வண்டியில் திருப்பி வைத்ததால் எல்லாம் எதிராக வேலை செய்தது. பிரெஞ்சு ராஜ்ஜியத்துக்கும் இங்கிலீஷ் ராஜ்ஜியத்துக்கும் நடுவில் பிறந்த நமக்குத்தான் இப்படி ஒரு பிழை வாய்க்கும்.

காரைக்காலில் ஒருவரிடம் இதே போன்ற வண்டி ஓடாமல் கிடப்பதாகக் கேள்விப்பட்டுக் கடிதம் போட்டோம். பதில் வரக் காணோம். சவரி பொறுத்துப் பார்த்துவிட்டு, அறுவடை முடிந்த வயலில் காரை இறக்கினான். இந்தப் பெட்டியோடேயே ஓட்டிப் பழகுவேன் என்றான். வெறும் வயலிலேயே வண்டி குடித்தவன் மாதிரி அலைந்தது. வரப்பில் ஏறி இறங்கியது. லூர்துமேரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “இன்னாங்க இது, கார ஓட்டறீங்களா, பரம்படிக்கிறீங்களா?” என்று கேட்டாள். சொல்லிவிட்டுச் சிரித்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உடனே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அன்று மாலைதான் அது நடந்தது. ஓட்டி ஓட்டி ஓய்ந்துபோய், சவரியின் கைகள் ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பிலிருந்து சரிந்து மடிக்கு வந்தன. அடி விளிம்பைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு வரப்பு எதிரே வந்தது. கையை வலது பக்கம் நகர்த்தினான். வண்டி வலது பக்கம் போயிற்று. இடது பக்கம் நகர்த்தினான். இடது பக்கம் போயிற்று. மேலே பிடித்தால் எதிரி. கீழே பிடித்தால் கை போன பக்கம் தானும் வருகிறது.

“மச்சான்” என்றான். “கைய எறக்கிட்டா போதும்டா.”

காரைக்காலிலிருந்து பதில் வருவதற்கு முன்னே லூர்துமேரிக்கு வலி வந்தது. ஒரு நண்பகல். காலை பஸ் போய்விட்டது. ரயிலுக்குப் பார்த்துக்கொண்டு பிள்ளை பிறக்குமா? பார்க்க வந்த நர்ஸ் அம்மாள், “இப்பவே கெளம்புங்க” என்றார். பின் சீட்டில் நர்ஸ் அம்மாள் மடியில் லூர்துமேரி. முன்னால் சவரியும் நானும். புறப்படும்போது அவன் என்னைப் பார்த்து, “பயம் இருக்கட்டும் மச்சான். அவசரம் வேணாம்” என்றான். அவன் சொன்னதிலேயே நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதைத்தான்.

மாட்டு வண்டிகளை ஒவ்வொன்றாகக் கடந்தோம். ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் நான் கதவை இறுகப் பிடித்தேன். அந்தக் கதவில் என் விரல் பதிந்த அடையாளம் இன்றும் இருக்கிறது என்பேன், நீங்கள் நம்ப மாட்டீர்கள். அரும்பார்த்தபுரம் வந்தது. கேட்டு மூடியிருந்தது.

பின்னாலிருந்து லூர்துமேரி, “இங்க நிறுத்தாதீங்க... இங்க வேணாங்க” என்றாள். கத்தவில்லை. கெஞ்சினாள்.

நான் இறங்கி ஓடினேன். நான் போட்ட சத்தத்தில் ரயிலே விரைந்து வந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை. உண்மையில் ரயில் தன் பாட்டுக்குத்தான் வந்தது. கேட்டுக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ரயிலின் கடைசிப் பெட்டி தாண்டும்போதே கேட்டைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிவந்து காரில் ஏறிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் காத்திருந்த கரும்பு வண்டிகளும் ஒரே நேரத்தில் தண்டவாளத்தில் ஏறின. நடுவில் ஒரு கார் நுழைகிற இடம்தான் இருந்தது. அந்தப் பதற்றத்தில் சவரியின் கைகள் பழைய வழக்கப்படி மேலே ஏறிவிட்டன. வண்டி நேராகக் கேட்டுக் கம்பத்தைப் பார்த்துத் திரும்பியது.

பின் சீட்டிலிருந்து லூர்துமேரிதான் சொன்னாள். “கைய எறக்குங்க.”

அவன் இறக்கினான். கம்பம் என் பக்கத்துக் கண்ணாடியை உரசிக்கொண்டு பின்னால் போயிற்று.

மகள் மதலேன், ஆஸ்பத்திரியில் பிறந்தாள், சத்தமாக அழுதுகொண்டு. உங்களில் பலர் அவள் ஞானஸ்நானத்துக்கு வந்து பிரியாணி சாப்பிட்டிருக்கிறீர்கள். காரைக்காலிலிருந்து சரியான பெட்டி வந்தபோது பிள்ளைக்குக் குடுமி போடும் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. நாங்கள் இருவரும் அதை மாட்டினோம். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. சவரிக்குத்தான் பழைய கையைத் திரும்பப் பழக்கச் சிரமமாக இருந்தது.

போன மாதம் மஞ்சள் காமாலை முற்றி, அதே ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். கண் மூடியிருந்தது. நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. போர்வைக்கு மேல் அவன் இரண்டு கைகளும் மடிப்பக்கம் சேர்ந்திருந்தன. மெல்ல வலது பக்கம் நகர்ந்தன. பிறகு இடது பக்கம். லூர்துமேரி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் குனிந்தேன். “சவரி” என்றேன்.

“கேட்டு தொறந்துச்சா மச்சான்?”

எவ்வளவோ கதை கட்டுகிறவன் நான். அன்று எனக்கு ஒரே ஒரு சொல்தான் கிடைத்தது. “தொறந்துடுச்சுடா.”

கை அசைவது நின்றது. முகத்தில் இருந்த கவலை போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை.

மதராஸிலிருந்து நான் கொண்டுவந்த அந்தத் தவறான பெட்டி என் கடையில்தான் இருக்கிறது. பழைய இரும்புக்காரன் கேட்டான், தரவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று என்னிடம் இருக்கிறது. ராத்திரியில் என் பெரிய பையனுக்குக் காய்ச்சல் கொதித்தால், மழை வராமல் ஏரி வறண்டால், நெஞ்சுக்குள் அந்த ‘டக்’ கேட்டால், என் கைகள் தாமாகவே மடிக்கு இறங்கிவிடுகின்றன. அங்கே கொஞ்ச நேரம் எதையோ பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவனிடமிருந்து எனக்கு வந்தது அது.