காதர் அண்ணன் செட்டை எரிக்கவில்லை

நிலக்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில் பாடிவிட்டு, மறுநாள் காலை திண்டுக்கல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காலுக்கடியில் யாரோ ஏற்றிய மல்லிகைப் பூ மூட்டை. செல்போனை எடுத்தால், மைக் செட் உரிமையாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காதர் அண்ணனின் படம். படத்துக்கு மாலை. கீழே, ‘சங்கத்தின் தூண் சாய்ந்தது’. அவர் போய்விட்டார் என்பது புத்தியில் ஏறும் முன்பே எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “அடப் பாவிகளா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த பூக்கார அம்மா, “என்னத்தா ஆச்சு?” என்றார். “எங்க அண்ணன் போயிட்டாரும்மா” என்றேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

தூணாம்! அந்தத் தூணைச் சங்கத்தை விட்டுத் தள்ளி வைத்தது யார் என்று இதைப் படிக்கிற சங்கத்துக்காரர்களான உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

நான் கச்சேரிகளில் பாடுகிறவள். என் முதல் மேடைக்கு மைக் செட் போட்டவர் காதர் அண்ணன். இறங்கி வந்ததும் எல்லோரும் “பிரமாதம், பிரமாதம்” என்றார்கள். அவர் வயரைச் சுற்றிக்கொண்டே, “மூணாவது பாட்டுல சுருதி இறங்கிப்போச்சு தங்கச்சி. மைக்க முழுங்குற மாதிரி பாடாத” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து யார் பாராட்டினாலும் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

அவர் ஒன்றும் சாது இல்லை. வாய் அதிகம், மூக்கின் மேல் கோபம். தாடிக்கொம்பில் ஒரு விழா மேடையில் பெரிய மனிதர் ஒருவர் வந்ததும் வராததுமாக மைக்கை டொக் டொக்கென்று தட்டினார். அண்ணன் கீழே இருந்தபடியே, “ஐயா, அது என்ன கதவா? தட்டாதீங்க, பேசுங்க” என்று கத்தினார். கூட்டமே சிரித்தது. அந்த ஊர் விழாவுக்கு அப்புறம் அவரைக் கூப்பிடவில்லை. “போகட்டும், மைக்காவது பொழச்சுச்சு” என்றார்.

இனி அந்த ஆத்தூர்ப் பக்கத்துத் திருவிழாவுக்கு வருகிறேன். சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து வாங்கிய பெரிய ஆம்ப்ளிபயர் அன்று அண்ணன் பொறுப்பில் இருந்தது. ஸ்பீக்கர்களை இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அவர் அந்த ஆம்ப்ளிபயர் செட்டைப் போட்டு, மைக் வருகிறதா என்று, சத்தத்துக்குத் தக்கபடி குதிக்கும் அதன் விளக்கைப் பார்த்துச் சரி செய்துகொண்டிருந்தார். பிறகு ஸ்பீக்கர் வயரை மாட்டினார். நான் இரண்டாவது பாட்டில் சரணத்துக்கு வந்தபோது தீய்ந்த வாடை அடித்தது. சத்தம் நின்றது. செட்டிலிருந்து புகை.

அண்ணன் வயரைப் பிடித்துக்கொண்டே பந்தல் கால் வரை போனார். நானும் பின்னாலேயே போனேன். பந்தல்காரர் துணி கட்ட அப்போதுதான் அடித்த ஆணி, ஸ்பீக்கர் வயரின் நடுவே இறங்கி இரண்டு கம்பியையும் ஒன்றாக்கியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பந்தல்காரர் சங்கத் தலைவரின் மச்சான்.

சங்கக் கூட்டத்தில் அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி, “ஸ்பீக்கர் மாட்டாம செட்டப் போட்டியா?” என்பது. ஒளித்துப் பேசத் தெரியாத மனிதர். “ஆமா, போட்டேன். அதுக்கென்ன?” என்றார். அவ்வளவுதான், முடிந்தது. லோடு இல்லாமல், அதாவது ஸ்பீக்கர் இல்லாமல், ஓட்டி எரித்துவிட்டான் என்று ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தீர்கள். அவர் தொண்டை கிழியச் சொன்னார்: “வால்வு செட்டுக்கு நீங்க சொல்றது வாஸ்தவம். ஸ்பீக்கர் இல்லாமப் போட்டா அதோட டிரான்ஸ்பார்மர் போயிரும். இது டிரான்சிஸ்டர் செட்டுப்பா! வெறுமன ஓடுனா கரண்டு வெளிய போக வழியே இல்ல, எதுக்கு வேகப் போகுது? வயரும் வயரும் ஒட்டுனாத்தான் வேகும்.” ஆணியோடு வெட்டி எடுத்து வந்த வயர்த் துண்டை மேசையில் வைத்தார். தலைவர் அதைத் தொடக்கூட இல்லை. “ஆணிய எப்ப வேணா அடிச்சுக்கலாம்” என்றார்.

நான் எழுந்து, பார்த்ததைச் சொன்னேன். “பாடுற பொம்பளைக்கு ஆம்ப்ளிபயரப் பத்தி என்ன தெரியும்? உக்காரும்மா” என்றார்கள். ஆணியைப் பார்க்க ஆம்ப்ளிபயர் படித்திருக்க வேண்டுமா என்ன? உங்களில் பாதிப் பேர் பழைய வால்வுக் கணக்கை நிஜமாகவே நம்பினீர்கள். மீதிப் பேருக்கு நம்புவது வசதியாக இருந்தது. அண்ணனைச் சங்கத்தை விட்டு நீக்கியாயிற்று.

அவர் விடவில்லை. ஒருநாள் காலை, பேகம்பூரில் தன் கடை வாசலில் நாற்காலி போட்டு, அதன்மேல் தன் சொந்த ஆம்ப்ளிபயரை வைத்தார். முதுகுப்பக்கம் தெருவைப் பார்க்க, ஸ்பீக்கர் மாட்டும் இடம் மொட்டையாகத் தெரியும்படி. பாட்டை ஓடவிட்டு வால்யூமை முழுக்கத் திருப்பி வைத்தார். சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். “வந்து பாருங்கப்பா, சாயங்காலம் வரைக்கும் ஓடும். எரிஞ்சா நான் தொழில விட்டுர்றேன்.” வருகிறவர்களுக்கு என்று பெரிய பிளாஸ்க் நிறைய டீ வாங்கி வைத்திருந்தார்.

ஒருவரும் வரவில்லை. அந்தத் தெரு வழியாக மோட்டார் சைக்கிளில் போனவர்கள்கூடக் கழுத்தைத் திருப்பவில்லை. சாயங்காலம் நான் போனபோதும் செட்டின் விளக்கு பாட்டுக்குத் தக்கபடி குதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். லேசான சூடுதான். “பாத்தியா தங்கச்சி, ஒண்ணும் ஆகல” என்றார். பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். “காதர் மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை. கூட்டத்துல, மைக்குல சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்” என்றார். ஆறிப்போன டீயை இரண்டு பேரும் குடித்தோம்.

அதன்பின் பெரிய விசேஷம் எதற்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. கடைத் திறப்பு, ஆட்டோவில் விளம்பரம் என்று காலம் தள்ளினார். கடையில் உட்கார்ந்திருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பாத்திமா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, உள்ளே போய் அந்த வயர்த் துண்டை எடுத்து வந்தார். ஆணி துருப்பிடித்து அதிலேயே இருந்தது. “நீ வச்சுக்கம்மா. இதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது.”

அடுத்த வாரம் கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம் போட்டீர்கள். தலைவர் மைக்கை டொக் டொக்கென்று தட்டிவிட்டு ஆரம்பித்தார். யாரோ நாற்காலி தூக்கிக்கொண்டு போனதில் ஸ்பீக்கர் வயர் காலில் சிக்கிக் கழன்று விழுந்தது. தலைவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். “சத்தம் வரலப்பா!” என்று பின்வரிசையில் கத்தினார்கள். செட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவரும் வரை, ஸ்பீக்கர் இல்லாமல், பழுது பார்த்துக் கொண்டுவந்த சங்கத்தின் அதே ஆம்ப்ளிபயர் உங்கள் எல்லோர் கண் முன்னாலும் ஓடியது. விளக்கு குதித்தது. வயரை மாட்டியதும், “...எங்கள் அண்ணன் காதர்...” என்று தலைவரின் குரல் கணீரென்று வந்தது.

நான் எழுந்து நின்றேன். “தலைவரே, செட்டு வெந்துருச்சா?”

ஒருவர் செருமினார். ஒருவர் செல்போனைப் பார்த்தார். தலைவர், “அம்மா, இது அதுக்கான இடம் இல்ல” என்றார்.

வேறு எது இடம்? வாருங்கள் என்று அவர் போன் போட்டுக் கூப்பிட்டபோது நீங்கள் வரவில்லை. அவர் கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்ல இரங்கல் கூட்டத்தில் கையில் மைக் இருந்தது, ஸ்பீக்கரும் இருந்தது.

அந்த வயர்த் துண்டு என் கைப்பையில், பாட்டுத் தாள்களோடு கிடக்கிறது. ஆணி குத்தி இரண்டு தாள் கிழிந்தும் விட்டது. காதர் மேல் தப்பில்லை என்று நீங்கள் மைக்கில் சொல்லும் அன்று, அதைக் கொண்டுவந்து தலைவர் மேசையில் வைக்கிறேன். அதுவரை அது என்னிடம்தான் இருக்கும்.