மங்கலானது சேனல், என் கண் அல்ல

போன மாதம் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து, டிவியில் ஒரு சேனல் மங்கலாக இருக்கிறது என்று சொன்னாலே வீட்டுக்காரர் என் கண்ணைத்தான் சந்தேகப்படுகிறார்.

இன்று காலை கேபிள்காரரை எங்கள் வேங்கிக்கால் வீட்டுக்கு வரவழைத்தேன். அவரும் டிவியைத் தொடவில்லை.

"கண் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களாமே மேடம். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எச்டி செய்திச் சேனல் ஒன்றை வைத்து, சோபாவில் உட்கார்ந்தபடியே கீழே ஓடிய வரிகளை ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினேன்.

அடுத்து சினிமா சேனலை வைத்தேன். அதுவும் எச்டிதான். பாட்டு தொடங்கி எல்லோரும் ஆட ஆரம்பித்ததும், முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன.

"அதே டிவி, அதே ஒயர், அதே கண்ணு. இது மட்டும் ஏங்க இப்படி?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"எல்லா சேனலும் ஒரே ஒயர்லதான் வரணும் மேடம். சேனல் ஜாஸ்தியானா, சிலதுக்கு டேட்டாவ கம்மி பண்ணிடுவாங்க. வேகமா அசைஞ்சா படம் உடையும். பேருதான் எச்டி."

"அப்ப என் கண்ணு?"

"நல்லாத்தான் இருக்குது மேடம்."

"அத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

சொன்னார். அந்தச் சேனல் மீது புகார் எழுதி, அதை வாங்கிக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்தும் வாங்கிய பிறகே அனுப்பினேன்.

வீட்டுக்காரர் இப்போது, "அந்தச் சேனல்ல சத்தமும் கம்மியாத்தான் வருது" என்கிறார்.

முதலில் அவர் காதைப் பரிசோதிக்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?