மஞ்சள் வைத்த ஷூ

பள்ளி விடுமுறை தொடங்கினால் நம் மலை பூட்டிய வீடு மாதிரி ஆகிவிடும். திரிங்காப்பில் தொடங்கி கம்போங் ராஜா வரைக்கும் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள் கண்ணாடியை இறக்கித் தேயிலையைப் படம் எடுப்பார்கள். நம்மாலோ எஸ்டேட் வாசலைத் தாண்ட முடியாது.

பிள்ளைகளே, நான் ஓட ஆரம்பித்தது அப்படி ஒரு சனிக்கிழமை. சின்னவனுக்குக் காய்ச்சல், வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டது. என் மோட்டார் சைக்கிள் பழுதாகிக் கிடந்தது. எஸ்டேட் வேன் வாசலிலேயே மாட்டிக்கொண்டது. சரி என்று நடந்தேன். நடக்க நடக்க, நேரமாகிறதே என்று ஓடினேன். காலில் வேலைக்குப் போடும் கறுப்பு ரப்பர் ஷூ. நின்றிருந்த கார்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனேன். ஒரு காருக்குள் இருந்த சின்னப் பெண் எனக்குக் கை தட்டினாள். மருந்தோடு திரும்பியபோது அந்தக் கார் அதே வளைவுக்குப் பக்கத்தில்தான் நின்றது. அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகு ஓடுவது பழக்கமாகிவிட்டது. மருந்துக்காக இல்லை, சும்மாதான். வேறு எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நம் வீடு எஸ்டேட் வீடு. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். காலையில் எழுந்தால் மேலே தேயிலை, கீழே தேயிலை, நடுவில் நாம். ஓடும்போது மட்டும், நான் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். வட்டமாக ஓடி வீட்டுக்கே வந்து சேர்ந்தாலும் அப்படித்தான் தோன்றும்.

உங்கள் மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. நாங்கள் கொழுந்து வெட்டுவது இரண்டு பேர் தூக்கும் மிசினில். நிரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், செடிகளுக்கு மேலே மிசின். இரண்டு பேரும் ஒரே உயரமாக இருக்கவேண்டும், ஒரே அடி வைக்கவேண்டும். ஒருவன் கால் இடறினால் இன்னொருவன் தோள் இழுபடும். ஒருவன் வீட்டில் படுத்தால் இன்னொருவனுக்கும் அன்றைக்கு நல்ல வேலை கிடைக்காது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவனைப் புல் வெட்ட அனுப்பிவிடுவார்.

"ஓடுறதுக்கு ஒனக்கு யாரு மச்சான் சம்பளம் குடுக்குறா?" என்பார் மாமா. "நாய் தொரத்துனா ஓடலாம். ஒன்னய எது தொரத்துது?"

"நீதான் தொரத்துற. ஒன் வாயிலேருந்து தப்பிக்கத்தான் ஓடுறேன்."

"போ போ, ஓடு. முட்டி போச்சுன்னா தெரியும் லா."

பிறகு நம் எஸ்டேட்டுக்குள்ளேயே ஓட்டப்பந்தயம் வைக்கப்போகிறார்கள் என்று சொன்னார்கள். தேயிலை பதப்படுத்தும் ஆலை வாசலில் தொடங்கி, உச்சிக் காட்டுக்கு ஏறி, தேயிலைக்குள் இறங்கி, நம் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் வந்து, மறுபடி அதே சுற்று. இரண்டு சுற்றையும் முடித்தவர்கள் எல்லாருக்கும் மெடல். வெளியூர்க்காரர்கள் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் வருவார்கள் போல. எஸ்டேட்டிலிருந்து நான் ஒருவன் பெயர் கொடுத்தேன். லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சின்னவனே, நீ வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாய், எங்க அப்பா மெடல் வாங்கப்போறாரு, திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டுறேன் என்று. அதற்குப் பிறகு நான் எங்கே பின்வாங்குவது?

அந்தச் சமயத்தில்தான் உங்கள் அம்மாவும் மூத்தவளும் ஈப்போவுக்குப் போனவர்கள் எனக்கு ஒரு ஷூ வாங்கி வந்தார்கள். நீல நிறம். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கப் புது வாசனை. என் பழைய செருப்பை அளவுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. இரண்டடி வைப்பதற்குள் அம்மா கழற்றச் சொல்லிவிட்டாள்.

"புதுசுங்க. நல்ல நாள்ல போடுங்க. ஓடுற அன்னிக்குப் போட்டா போதும்."

நம் வீட்டில் அப்படித்தானே. தீபாவளிச் சட்டையை முன்னாலேயே யாராவது போட்டு அழுக்காக்குவோமா? மஞ்சள் தொட்டு வைத்து, அந்த நாளில்தான் உடம்பில் ஏறும். ஷூவைச் சாமி படத்துக்கு முன்னால் வைக்க முடியாது. ஆனால் மஞ்சள் வைக்காமலும் அம்மாவுக்கு மனசு வரவில்லை. கயிறு கட்டும் இடத்துக்கு உள்பக்கம், வெளியே தெரியாதபடி ஒரு பொட்டு வைத்து, பெட்டியை அலமாரி மேல் ஏற்றிவிட்டாள்.

மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். "காலுல போடுறதுக்கு மஞ்சளா? அடுத்து மிசினுக்கு மாலை போடு, தங்கச்சி."

"ஆயுத பூசைக்கு நீங்க மிசினுக்கு மாலை போடலயா, அண்ணே?"

மாமா தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அதுவரைக்கும் ரப்பர் ஷூவிலேயே ஓடினேன். மழையில் ஓடினேன், சேற்றில் ஓடினேன். ஒரு வலியும் வரவில்லை. நீல ஷூ அலமாரி மேல் சுத்தமாக இருந்தது.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. விடியும் நேரம் ஆலை வாசலில் போய் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் நின்ற நல்ல ஓட்டக்காரர்கள் சிலர் காலில் அதே கறுப்பு ரப்பர் ஷூ. சேற்றுக்கு அதுதான் பிடிப்பு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மற்றவர்கள் காலில் விலை உயர்ந்த ஷூக்கள் இருந்தன. ஆனால் அவை எல்லாம் மண் ஏறிப் பழசாகியிருந்தன. கடை வாசனையோடு நின்றவன் நான் ஒருவன்தான்.

ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூச்சு நன்றாக இருந்தது. பல பேரைத் தாண்டினேன். உச்சிக் காட்டில் பாசி, வேர், இடுப்பளவு பனிமூட்டம். அங்கேதான் வலது குதிகால் எரிய ஆரம்பித்தது. புது ஷூவின் பின்பக்கம் கெட்டி. அது இன்னும் என் காலைப் படிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தேய்ப்பு. கொஞ்ச நேரத்தில் தோல் குமிழ் விட்டு உடைந்தது. காலுறைக்குள் ஈரம்.

இறக்கம் வந்ததும் இன்னொன்று. ஓட ஓடப் பாதம் வீங்கும். இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் முட்டும். அதற்கு இடம் விட்டு, கொஞ்சம் பெரிய அளவாக வாங்க வேண்டும். என் ஷூவோ கச்சிதம். பெருவிரல் நகம் ஒவ்வொரு அடியிலும் சுவரில் இடித்த மாதிரி இடித்தது. குதிகாலையும் ஊன்ற முடியாது, விரலையும் ஊன்ற முடியாது. அதனால் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி, கோணலாக இறங்கினேன். அப்படிக் கோணலாக இறங்கியதில்தான் வலது முட்டியின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. ஊசி குத்துகிற மாதிரி. ஏறினால் இல்லை, இறங்கினால் மட்டும்.

அப்போது நான் தேயிலைக்குள் இருந்தேன். நிரைக்குள் நுழைந்துவிட்டால் நடுவில் வெளியே வர முடியாது. இரண்டு பக்கமும் செடி, இடுப்புக்கு மேலே பாய் விரித்த மாதிரி நெருக்கம். கை நுழையும், ஆள் நுழைய முடியாது. ஒருவர் போகும் அகலம்தான் பாதை. நிற்கலாம் என்றால் பின்னால் வரிசையாக ஆட்கள். அவர்கள் மூச்சு என் பிடரியில் படுகிறது. யாரும் திட்டவில்லை. "சாரி அங்கிள், டேக் யுவர் டைம்" என்றார்கள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. தினமும் நான் வேலை செய்கிற நிரை அது. எந்த இடத்தில் எந்தச் செடி பட்டுப்போய் ஓட்டை விழுந்திருக்கிறது என்றுகூடத் தெரியும். அன்றைக்கு ஒரு ஓட்டையும் காணவில்லை. பனியில் முன்னாலும் தெரியவில்லை, பின்னாலும் தெரியவில்லை. பச்சைச் சுவர் இரண்டும் என்னைக் கீழே தள்ளிக்கொண்டே போயின.

நிரை முடிந்து லயத்துக்கு முன்னால் வந்தேன். தண்ணீர் மேசை நம் வீட்டு வாசலுக்கு நேராகவே இருந்தது. லயத்து ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். தகரத் தட்டைத் தட்டினார்கள். மேசையில் வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்த மூத்தவளே, நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தாய்.

"ப்பா, நொண்டுறீங்க."

சின்னவன் வேலிக் கம்பியில் ஏறி நின்றான். "ப்பா, நிக்காதீங்க. இன்னும் ஒரு ரவுண்டுதான்."

மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண், ஓட்டக்காரர்களைக் கவனிக்க நின்றவள், "பாக்சிக், ஓகே கா?" என்று மலாயில் நலம் கேட்டாள். ஓகே என்று சொல்ல வாயெடுத்தேன்.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன். குனிந்து என் முட்டியின் வெளிப்பக்கம் விரலால் அழுத்தினார். நான் துள்ளினேன்.

"ஏறுறப்ப வலிக்குதா, எறங்குறப்பவா?"

"எறங்குறப்ப."

"இன்னொரு தடவ மேல ஏறுனா, இன்னொரு தடவ எறங்கணும். நாளைக்கு நான் யாரோட மிசின் தூக்குறது?"

"புதுசா வந்த வங்காளப் பையனோட தூக்கு."

"அவன் ஒட்டகம் மாதிரி இருக்கான் லா. அவனுக்கு எட்டுறதுக்கு நான் ஸ்டூல் போட்டுத்தான் நடக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. தகரத் தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். போனால் முட்டி போகும். நின்றால், என்னை நம்பிக் கம்பியில் ஏறி நிற்கும் பிள்ளையின் முகம். இரண்டுக்கும் நடுவில் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஓட்டக்காரர்கள் என்னைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

சும்மா ஒரு அடி ஓடிப் பார்த்தேன். கால் மடங்க மறுத்து, தன்னாலேயே கோணலாக விழுந்தது. அந்த ஒரு அடிதான் முடிவு செய்தது. களைப்பு வேறு, சதை நோவு வேறு. அவை ஓடினால் குறையும், அல்லது அப்படியே இருக்கும். உங்கள் அடியையே மாற்றுகிற வலி வேறு. அது வந்தால் நின்றுவிடுங்கள். யார் பார்த்தாலும் சரி.

"நான் நிறுத்துறேன்," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என் நெஞ்சிலிருந்த எண் சீட்டின் ஒரு மூலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், எனக்குப் பந்தயம் முடிந்தது.

உடனே வீட்டுக்குள் போய்ப் படுத்திருப்பேன். அதுவும் முடியவில்லை. ஓட்டக்காரர்கள் வழி மாறக்கூடாது என்று லயத்து வாசல்களுக்குக் குறுக்கே சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. முதல் நாள் நான்தான் கட்டினேன், யாரும் நுழையாதபடி இறுக்கமாக. குனிந்து நுழைய முட்டி மடங்கவில்லை, ஓட்டம் முடியாமல் நாடாவை அவிழ்க்கவும் மனசு வரவில்லை. அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில், எல்லாரும் பார்க்க, கடைசி ஆள் போகும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் எல்லாரும் "குட் ஜாப், அங்கிள்" என்றார்கள். அம்மா வெந்நீரும் உப்பும் கொண்டுவந்து ஷூவைக் கழற்றினாள். காலுறை ஒட்டிக்கொண்டு வந்தது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

"நான்தான் முன்னாடியே போடவேணாம்னு சொல்லிட்டேன்," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நானும்தான் அதக் கேட்டுக்கிட்டேன்," என்றேன்.

புது ஷூவை முதலில் வீட்டைச் சுற்றி நடந்து பழக்கவேண்டும், பிறகு சின்ன ஓட்டம், பிறகுதான் பெரியது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. நல்ல நாள் என்பது சட்டைக்குச் சரி. காலுக்கு வேறு கணக்கு.

சின்னவனே, நீ அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. சோறு சாப்பிடும்போது மட்டும், "நாளைக்கு கிளாஸ்ல என்ன சொல்றது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாய். அப்பாவுக்கு முட்டி வலி, அதனால் நின்றுவிட்டார் என்று சொல் என்றேன். அது உனக்குப் போதவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

இரவு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி முட்டியில் வைத்தேன். லயத்தில் இரண்டு பேர் தைலம் கொண்டுவந்து அழுத்தி உருவி விடுகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல முதல்முறையாக வாய் வந்தது. வீங்கிய இடத்தை உடனே உருவினால் இன்னும் வீங்கும்.

திங்கட்கிழமை காலை மாமா வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். வணக்கமும் இல்லை, கேலியும் இல்லை.

"மடக்கு."

மெதுவாக மடக்கினேன். பாதி மடங்கியது.

"நீட்டு."

நீட்டினேன்.

மேட்டுப் பக்கம் பார்த்தார். "மேல் பக்கமா வெட்டிட்டே போவோம். எறங்குறப்ப லோரி ரோட்டுல சுத்தி வா, மிசின நான் எப்படியாவது எறக்குறேன். மண்டோர் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

தேயிலைக் காட்டுக்குப் போனோம். மிசினில் என்ஜின் இருக்கும் பக்கம் கனம். அந்தப் பக்கம் எப்போதும் என்னுடையது. மாமா நிரைக்கு அந்தப் பக்கம் போய், என்ஜின் பக்கக் கைப்பிடியைப் பிடித்தார். லேசான பக்கம் எனக்கு மிச்சமிருந்தது. பிடித்தேன். அவர் என்ஜின் கயிற்றை இழுத்தார். ஒரே அடி வைத்து, மெதுவாக, மேலே ஏறத் தொடங்கினோம்.