ரூபன் அண்ணை ஓடாத ஒரு ஓட்டம்

சகலருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது என்னவென்றால், ஓக்லாந்து கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டு அடுப்படியை வாழ்விடமாகக் கொண்ட பிரஷர் குக்கர் கேஸ்கட், இன்று ஞாயிற்றுக்கிழமை காலை சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்த வேளையில் சடுதியாகக் காலமானது. அன்னார் மூடியின் அன்புத் துணைவியும், விசிலின் பாசமிகு சகோதரியும் ஆவார். உற்றார், உறவினர், பசித்தோர் அனைவரும் மதியச் சாப்பாட்டை வெளியே பார்த்துக்கொள்ளவும். தகவல்: தாயார், கரண்டியுடன்.

அன்று காலை எங்கள் வாட்ஸப் குழுவில் நான் போட்டது இது. மதுரைக்காரப் பிள்ளையான எனக்கு இந்த அறிவித்தல் நடை இலங்கை நண்பர்களிடமிருந்து தொற்றியது. எங்கள் ஊர் பேஸ்பால் அணி தோற்கும்போதெல்லாம் அந்த அணிக்கு ஒரு மரண அறிவித்தல் எழுதுவது போன கோடை முழுக்க என் பொறுப்பாக இருந்தது. அணி எனக்கு ஓய்வே கொடுக்கவில்லை. சீசன் முடிந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. குக்கர் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதே குழுவில் ரூபன் அண்ணையின் மைத்துனர் ஜூட் எழுதினார். "அத்தானை நேற்றுக் கடல் இழுத்துக்கொண்டு போட்டுது. மேற்குக் கரையில பாறையில நிண்டு மீன் பிடிச்சவர். இன்னும் கிடைக்கேல்லை. எல்லாரும் மன்றாடுங்கோ." உடனே வந்தவை சிரிக்கும் முகங்கள். "கேஸ்கட்டுக்குத் துணைக்குப் போட்டாரோ?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதுவும் என் கூட்டுச் சதி என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நானோ, என் தொழிலை ஜூட் அண்ணா கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அழைத்து, "அண்ணா, இது கொஞ்சம் ஓவர்" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம், ரூபன் அண்ணையின் மனைவி ஸ்டெல்லா அக்கா கத்துவது கேட்டது.

போலீஸ் படகு அவரைக் கரைக்குக் கொண்டுவந்தது. அடக்கமும் முடிந்தது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி ஸ்டெல்லா அக்கா என்னைக் கேட்டபோது, எனக்குத் தெரிந்ததெல்லாம் பகிடி எழுத்துதான் என்றேன். "அப்பிடியே எழுது தம்பி. நல்லவர், வல்லவர் எண்டு ஃபாதர் எழுதுவார். அவர் பந்தோட பட்ட பாடு உனக்குத்தானே தெரியும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவரை பிளாட் புஷ் தேவாலயத்தில் கதிரை அடுக்குபவராகத் தெரியும். சிலருக்கு புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்துப் பொதி செய்யும் கொட்டகையில் கூட வேலை செய்தவராகத் தெரியும். மன்னாரில் அவர் பெயர்போன விக்கெட் கீப்பர் என்பது பழையவர்களுக்குத் தெரியும். எனக்கு அவரைக் கம்பி வலைக்குள்தான் தெரியும். பேஸ்பால் மைதானத்தின் ஓரத்தில் வலையடித்த நீளமான கூண்டு ஒன்று உண்டு. அடுத்துப் பந்து வீசப் போகிறவர் அதற்குள் வீசிக் கையைச் சூடாக்கிக்கொள்வார். எதிரே குந்தியிருந்து அதைப் பிடித்துக் கொடுப்பதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் ரூபன் அண்ணை. அணியின் சட்டை போட்டிருப்பார். சம்பளமும் ஏதோ கொஞ்சம் உண்டு. ஆனால் ஆட்டத்துக்குள் இறங்க மாட்டார்.

முதல் ஆட்டத்துக்கு நானும் என் இரண்டு கூட்டாளிகளும் போனது இலவச டிக்கெட்டில். கிளென்ஃபீல்ட் மாலில் அதைச் சும்மா நீட்டிக்கொண்டிருந்தார்கள். பேஸ்பால் பந்து தோலால் ஆனது. அதோடு ஒரு 'வி' சேர்த்தால் எங்கள் அணியின் நிலவரம். கூண்டுக்குப் பக்கத்துப் புல்மேட்டில் உட்கார்ந்து, யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் எதிரணி வீச்சாளரின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குத் தமிழில் விசாரித்துக்கொண்டிருந்தோம். கூண்டுக்குள்ளிருந்து, முகமூடிக்குப் பின்னாலிருந்து, ஒரு குரல் வந்தது.

"தம்பியவை, அவன்ர அம்மாவை விடுங்கோ. அவ என்ன பந்தா போட்டவ?"

என் வாய்க்குப் பூட்டுப் போட்ட முதல் ஆள் அவர்தான்.

அணி வென்றுகொண்டிருந்தால் முதல் வீச்சாளரே கடைசி வரை வீசுவார். ரூபன் அண்ணை சும்மா இருக்கலாம். அடி வாங்கினால் ஒருவர் பின் ஒருவராக மாற்றுவார்கள். கூண்டுச் சுவரில் இருக்கும் தொலைபேசி அடிக்கும், அவர் குந்துவார். நாங்கள் தோற்கத் தோற்க அவருக்கு வேலை கூடியது. அந்தக் கோடையில் அவரை விட அதிகம் உழைத்தவர் அணியில் இல்லை. இடது கை வீங்கி, ஆட்டம் முடிந்ததும் குளிர்ந்த கோக் டின்னை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நிற்பார். "வலிக்கலையா அண்ணை?" என்றால், "வலிக்கும்தான். ஆனா வாற பந்து வரும். கையை மட்டும் இறுக்கக் கூடாது" என்பார். டின்னை என்னிடம் கொடுத்து, "குடி, சூடாகிட்டுது" என்று வேறு சொல்வார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய மகள் அனிற்றாவுக்கு எட்டு வயது. அப்பா பேஸ்பால் அணியில் விளையாடுகிறார் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். ஆட்டம் பார்க்க வந்த ஒரு பையன், "உன் அப்பா டீமில் இல்லை, கூண்டில்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவள் மைதானத்துக்கு வரவில்லை. அவர் இதை எங்களிடம் வலையில் விரலைக் கோர்த்துக்கொண்டு, சிரித்தபடிதான் சொன்னார். "ஒருக்கா அந்த வெள்ளைக் கோட்டுக்கு உள்ளுக்கு நிக்கோணும். பிள்ளை பாக்கோணும். அவ்வளவுதான். வெல்லவா கேக்கிறன்?"

"மேனேஜர்கிட்ட கேளுங்களேன்."

"என்னெண்டு கேக்கிறது? வெக்கமடாப்பா."

இங்கேதான் நான் நுழைகிறேன். அடுத்த ஆட்டத்துக்குப் பழைய போர்வையில் தமிழில், கொட்டை எழுத்தில் 'ரூபனை உள்ளே விடு' என்று தீட்டிக்கொண்டு போனோம். பால்மா டின் இரண்டு மேளமாயிற்று. "இறக்கு, இறக்கு, ரூபனை இறக்கு! இல்லாட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பு!" பாட்டு, மெட்டு, தலைமை எல்லாம் அடியேன். மைதானம் பாதி காலியாக இருந்ததால் சத்தம் நன்றாக எதிரொலித்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மேனேஜர் ஒவ்வொரு தடவையும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் இன்னும் ஓங்கி அடிப்போம். ரூபன் அண்ணை முகமூடியைக் கழற்றவே மாட்டார்.

கடைசி ஆட்டத்துக்கு அனிற்றாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டெல்லா அக்கா வந்திருந்தார். விக்கெட் கீப்பரைப் போல மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தும் எங்கள் கேட்ச்சருக்குப் பந்து பட்டு விரல் முறிந்தது. அவருக்கு மாற்றாக நிற்கப் பழகிய இன்னொருவர் அணியில் இருந்தார். அவரும் காலில் காப்புக் கட்டத் தொடங்கிவிட்டார். மேனேஜர் அவரைக் கையமர்த்திவிட்டுக் கூண்டைக் காட்டினார். நாங்கள் கத்திய கத்தலில் என் தொண்டை ஒரு வாரம் தவளையிடம் வாடகைக்குப் போனது. ரூபன் அண்ணை புல்லைத் தாண்டி ஓடிவந்து, வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நின்று, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒரு பந்தைக்கூடத் தவற விடவில்லை.

பிறகு மட்டை பிடிக்கும் முறை அவருக்கு வந்தது. நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் பின்னால். ஓட்டக்காரர் சுற்றிவர வேண்டிய தளங்களில் கடைசியில் எங்கள் ஆள் ஒருவர் நின்றார், அவர் மட்டை பிடிக்கும் இடத்துக்கு ஓடிவந்தால் ஆட்டம் சமன். ஆனால் இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது. ரூபன் அண்ணை அடித்தார். பந்து தரையோடு உருண்டு நேராக ஒரு தடுப்பாளரிடம் போனது.

கிரிக்கெட் என்றால் அங்கே ஓடக் கூடாது. இடது கையை உயர்த்தி, "நோ!" என்று கத்தி, எதிரே நிற்பவரை நிறுத்த வேண்டும். அவர் அதைத்தான் செய்தார். பேஸ்பாலில் அப்படி ஒரு தெரிவே கிடையாது. பந்து உள்ளே விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். அது அவருக்குத் தெரியாததா? மூளை ஓக்லாந்தில் இருந்தது, கால் மன்னாரில் நின்றுவிட்டது. அதிலும் கொடுமை, அந்தத் தடுப்பாளர் பந்தைத் தவற விட்டார். அது அவர் காலில் பட்டுத் துள்ளி விலகிப் போனது. ஓடியிருந்தால் முதல் தளத்துக்கு நிதானமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மொத்த மைதானமும் "ஓடு, ஓடு" என்று அலற, ரூபன் அண்ணை கையை உயர்த்தியபடியே நின்றார். பந்தை எடுத்து, அவருக்கு முன்னால் முதல் தளத்துக்கு எறிந்தார்கள். ஆட்டம் முடிந்தது. சீசன் முடிந்தது. எதிரணியினர் மண்டியிட்டுச் சிரித்தார்கள்.

நாங்கள் போர்வையைச் சுருட்டினோம். அன்று நான் மரண அறிவித்தல் எழுதவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் அவர் கதவைத் திறக்காமல், சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அனிற்றா ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, யூ வேர் இன் த கேம்!" என்றாள். தோற்றது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.

"ஓம் பிள்ளை," என்றார் அவர். "உள்ளுக்கு நிண்டனான்."

அவர் கையை உயர்த்தி நின்ற காட்சியை யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். பாட்டுச் சேர்த்தார்கள். வெங்காயக் கொட்டகையில் அவரைக் கண்டால் ஒவ்வொருவராகக் கை உயர்த்தினார்கள். அணி அடுத்த ஆண்டுக்கு அவரைக் கூப்பிடவில்லை. அணியே இருக்குமா என்பது அப்போது தெரியாது, இப்போதும் தெரியாது. காலியான சனிக்கிழமைகளில் அவர் தூண்டிலோடு மேற்குக் கரைக்குப் போகத் தொடங்கினார். கடலோரத்துப் பிள்ளைதானே, பயமில்லை. ஆனால் மன்னார்க் கடல் அவருக்குப் பழகிய கடல். இந்தக் கடல் முதுகுக்குப் பின்னால் வருவது. அந்தக் கடைசிச் சனிக்கிழமையும் அப்படித்தான் போனார். உயிர்காப்புச் சட்டை காருக்குள்ளேயே இருந்தது.

இதற்கிடையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ரூபன் அண்ணையை மைதானத்தில் இறக்கியது என் போர்வை, என் பாட்டு, என் டின் என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன். தேவாலய மண்டபத்தில் ஒருநாள் அவரே என் தோளில் கையைப் போட்டு, "இவன்தான் என்னை விளையாட வைச்சவன்" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். நான் குனிந்து வணங்கி, கைதட்டலும் வாங்கிக்கொண்டேன்.

அடக்கத்துக்கு அந்த மேனேஜர் வந்திருந்தார். பொருத்தமில்லாத கறுப்புக் கோட்டில் மரத்தடியில் தனியாக நின்றவரிடம் போய் என்னை அறிமுகம் செய்துகொண்டேன், டின் அடித்த ஆள் என்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, அந்தப் பிரார்த்தனைக் கோஷ்டி!" என்றார். நாங்கள் என்ன கத்துகிறோம் என்று அவர் ரூபன் அண்ணையிடம் கேட்டிருக்கிறார். அணி வெல்ல வேண்டுமென்று ஜெபம் செய்கிறார்கள் என்று அண்ணை சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் எங்கள் பக்கம் மரியாதையோடு திரும்பிப் பார்த்தாராம்.

"அப்போ ஏன் அவரை இறக்கினீங்க?" என்று கேட்டேன்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் ரூபன் அண்ணை அவர் அறைக்குப் போயிருக்கிறார். மகள் வருகிறாள், ஒரு இடம் வந்தால் எனக்குத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

என் பெருமை அந்த மரத்தடியிலேயே போய்விட்டது. கூடவே உள்ளே கிடந்த ஒரு பயமும் போனது. அவரை உள்ளே அனுப்பியது நான் என்றால், அத்தனை பேர் முன்னால் கை உயர்த்தி நிற்க வைத்ததும் நான்தான். அவருடைய சனிக்கிழமைகளைக் காலி செய்ததும் நான்தான். அந்தப் பாறை வரைக்கும் வழி நீண்டுகொண்டே போகும். அந்த வழியை என் சத்தத்தில் மறைக்கத்தான் அவர் போன பிறகும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வெட்கத்தை விட்டு அவரே போய்க் கேட்டார் என்று தெரிந்ததும், உலகத்தையே வாயால் வளைக்கிற நான், அந்த அமெரிக்கர் கோட்டில் மூக்கைச் சிந்தி அழுதேன். அவர் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே ரூபன் அண்ணையை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அறியத்தருவது: அவரை விளையாட வைத்தவன் நான் இல்லை. என் பாட்டு யாருக்கும் புரியவில்லை. அவருக்கு வேண்டியதை அவரே கேட்டு வாங்கினார். கேட்டது தெரிந்தால் வெட்கம் என்றோ, இந்தப் பொடியன் சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும் என்றோ, அந்தப் பெயரை என் தலையில் வைத்துவிட்டுப் போனார். தோளில் அவர் கை கிடக்க, "இவன்தான்" என்று சொன்ன அந்தச் சொல்லை நான் வைத்திருக்கிறேன். அது பொய்தான். ஆனாலும் யாருக்கும் தருவதாக இல்லை.