தண்ணீர் போகிற பக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். நம்புங்கள். மாடிப்படி ஏறினாலே பாதியில் நின்று, எதிரே வருபவரிடம் ஊர் நிலவரம் விசாரிக்கிற ஆள் நான்.

தஞ்சாவூர் புது ஆற்றங்கரையில் காலையில் நடக்கிற கூட்டம் எங்களுடையது. நடை கொஞ்சம், டீ நிறைய. தலைவி சாந்தி டீச்சர். பி.டி. டீச்சர் — கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. "சமதரையிலேயே நடந்தா உடம்பு ஏமாத்தக் கத்துக்கும் சார்" என்று சொல்லி, தேனிப் பக்கம் ஒரு மலைத்தொடருக்கு வேன் பிடித்துவிட்டார்.

எங்கள் ஊரில் உயரம் என்றால் கோபுரம். அதை விட்டால் வைக்கோல் போர். மலையைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?

முகட்டின் மேல் ஒற்றையடிப் பாதை. பாறையும் புல்லுமாகப் போய்க்கொண்டே இருந்தது. கூட்டம் முன்னால் போய்விட்டது. கடைசியில் நானும் சிராஜ் பாயும். பாய்க்குச் சொந்த ஊர் நாகூர். தஞ்சாவூரில் பாத்திரக் கடை. நான் வெறுமனே மூச்சு வாங்கினேன். அவர் மூச்சுக்கு நடுவில் என்னைத் திட்டவும் செய்தார்.

அப்போதுதான் மேகம் இறங்கியது. பட்டப்பகலில், யாரோ ஈர வேட்டியை முகத்தில் போர்த்திய மாதிரி. பாயின் வெள்ளைத் தொப்பி மட்டும் தனியாக மிதந்தது. பாதையைக் காணோம். காலடியில் ஒரு ஓடை மட்டும் சலசலத்தது.

"பாய், வேன் எந்தப் பக்கம் நிக்குது?"

"கிழக்கே."

"தண்ணி எந்தப் பக்கம் போவும்?"

"இதென்ன கேள்வி? கடலுக்கு. எங்க ஊருக்கு."

"அப்புறம் என்ன… தண்ணி கூடவே போவோம்."

டெல்டாக்காரனுக்குத் திசைகாட்டி எதற்கு? ஆறு, வாய்க்கால், வடிகால் — எங்களுக்கு எல்லாம் கிழக்கே பார்த்துத்தான் ஓடும். கண்ணைக் கட்டி விட்டாலும் தண்ணீரில் கால் வைத்துத் திசை சொல்லுவோம். இருவரும் கம்பீரமாக நடந்தோம்.

கொஞ்ச தூரத்தில் பறவைச் சத்தம் நின்றது. பிறகு இன்னொன்றைக் கவனித்தேன். ஓடையின் சத்தம் பின்னாலிருந்து மட்டும் கேட்டது. முன்னால்… சத்தமே இல்லை.

"மூர்த்தி…"

என் பேர்தான். ஒரே ஒரு தடவை. கத்தவில்லை. சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிற குரல், காதுக்குப் பக்கத்தில்.

எங்கள் பக்கம் ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போகிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. வரப்பில் பேர் சொல்லி யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. அசையவும் கூடாது. மூன்றாம் தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷன்.

நான் வாராவாரம் எழுதுகிற இந்தப் பத்தியிலேயே மூடநம்பிக்கைகளைக் கிழித்துத் தொங்கவிட்டவன். அப்படியே கல்லாக நின்றேன். பாயும் நின்றுவிட்டார். என் பையின் வாரைப் பிடித்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. நானும் எனக்குத் தெரிந்த சாமிகளை வரிசையாக அழைத்தேன். பதற்றத்தில் கேஸ் புக்கிங் நம்பரும் நடுவில் வந்தது.

இரண்டாம் தடவை கூப்பிடவே இல்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. விசில் சத்தம். பின்னாலிருந்து டீச்சரின் கை என் சட்டைக் காலரைப் பிடித்தது.

"சார், திரும்பாதீங்க. அப்படியே பின்னால வாங்க. பாய், நீங்களும்."

மேகம் ஒரு நொடி விலகியது. என் ஷூவுக்கு நாலு அடி முன்னால் ஓடை இல்லை. பாறை இல்லை. எதுவுமே இல்லை. பாதாளத்தில் மரங்களின் தலை, கொத்தமல்லிக் கட்டு மாதிரி.

"தண்ணி கூட எதுக்கு சார் போனீங்க?"

"கிழக்கே போவும்னு…"

"இது மேற்க, கேரளாவுக்குப் போவுது."

என் புவியியல் அறிவை இப்படி யாரும் அவமானப்படுத்தியதில்லை.

வேனில் தைரியம் திரும்பியது. "நல்லவேளை, பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க டீச்சர். இல்லாட்டி நடந்துகிட்டே இருந்திருப்போம்."

"நான் எங்க கூப்பிட்டேன்? உங்க தடத்தைப் பார்த்து வந்தேன். விசில்தான் ஊதினேன். மத்தவங்களுக்கு மூச்சு விடவே தெம்பில்ல."

பாய் என் பக்கம் சாய்ந்தார். "மூர்த்தி, உங்க பேரையா கூப்பிட்டுச்சு?"

"ஆமா. உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?"

பாய் ஜன்னலைச் சாத்தினார். "எனக்குக் கேட்டது என் பேரு."

நான் என் பக்கத்து ஜன்னலையும் சாத்தினேன்.

யோசித்துப் பாருங்கள். நான் வீரனாக இருந்திருந்தால், 'யாரது?' என்று கேட்டுக்கொண்டே அந்த நாலு அடியையும் நடந்திருப்பேன். இந்த வாரம் இந்த இடத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் வந்திருக்கும். பயந்தாங்கொள்ளியாக இருந்ததால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றுதான் உறுத்துகிறது… உயிரைக் காப்பாற்றிய குரலுக்கு ஒரு 'என்ன' கூடச் சொல்லாமல் வந்துவிட்டேனே?

அதனால் நேற்று சாயங்காலம், இதை எழுதிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து என் பேர் கேட்டதும் — ஒரே தடவைதான் — மரியாதையாக "இதோ வர்றேன்" என்றேன்.

காய்கறிப் பையோடு அப்போதுதான் வாசல் கேட்டைத் திறந்துகொண்டு வந்த மனைவி கேட்டாள்: "வீட்டுல யாருமில்லையே… யாருக்குங்க பதில் சொல்றீங்க?"