ஜன்னலோரக் கட்டில்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். நடந்தது. நடந்த அறை இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் வகுப்பும் நடக்கிறது. பட்டவள் வாயால் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறது, கை கால் வைத்து வளர்க்கவில்லை. பயந்த மனசுக்காரர்கள் வெளிச்சம் இருக்கும்போதே படித்து முடித்துவிடுங்கள்... வெளிச்சத்தில் பயமில்லை என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கும் பொழுது முழுசாக இருட்டவில்லை.

அவளைப் பெரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் மூத்தவள் அவள்தான். நர்ஸ் வேலையில் பதினாலு வருடம் தேய்ந்தவள். அந்தப் பயிற்சி என்னவென்றால், நர்ஸ்கள், லேப்காரர்கள், எக்ஸ்ரேக்காரர்கள் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களைப் பிடித்து வாத்தியார் ஆக்குவது. வேலை தெரிவது வேறு, வேலையைச் சொல்லிக் கொடுப்பது வேறு இல்லையா? அதற்கு நாலு மாதம். கடைசியில் ஒரு பரீட்சை. நிஜ மாணவிகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

பெரியக்காவுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். வார்டில் இருக்கிறவரை ராத்திரி டியூட்டி விடாது. புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். ஆறு வயது மகளை வேறு ஊரில் அத்தை வீட்டில் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. டீச்சர் வேலை என்றால் பகல் வேலை. பிள்ளையைக் கூட்டிவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கலாம். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் அவளிடம் ஒரு கோளாறு இருந்தது. கை முந்திக்கொள்ளும்.

மாணவி தடுமாறினால் பெரியக்காவால் பொறுக்க முடியாது. "இங்க குடு" என்று பிடுங்கித் தானே செய்துவிடுவாள். வார்டில் அது நல்ல குணம். வகுப்பில் அது குற்றம். அதற்காகவே பயிற்சி நடத்தும் மேடம் ஒரு சட்டம் வைத்திருந்தார். சொல்லிக் கொடுக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாய் மட்டும்தான் வேலை செய்யலாம்.

ஒத்திகையில் பெரியக்கா இரண்டு தடவை கையை நீட்டிவிட்டாள்.

"உன் கை வேலை செஞ்சா அவ கை எப்பம்மா கத்துக்கும்? நாளைக்கு ஒரு தடவை தொட்டாலும் ஃபெயில்தான். அப்புறம் ஆறு மாசம் கழிச்சுத்தான் அடுத்த பரீட்சை" என்றார் மேடம்.

கூடப் படித்த தியேட்டர் தம்பி சிரித்தான். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவன். பயிற்சி நடந்த இந்த நர்ஸிங் கல்லூரியில்தான் முன்பு படித்தவன். "கவலைப்படாதீங்க பெரியக்கா, கட்டுறதுக்கு நான் பேண்டேஜ் துணி தர்றேன்."

"உன் வாயைக் கட்டுறதுக்கு மீதி வேணுமேடா."

அன்று சாயங்காலம் தனியாக ஒத்திகை பார்க்கலாம் என்று பயிற்சி அறைச் சாவியைக் கேட்டு வாங்கினாள். வெளியே நல்ல மழை. சாவி வைத்திருக்கும் அண்ணன், "ஆறு மணிக்குப் பூட்டணும்மா. எனக்குக் கடைசி பஸ்" என்றார். அப்போது மணி ஐந்து இருபது.

நீளமான அறை. ஆறு கட்டில்கள். ஐந்தில் ரப்பர் பொம்மைகள் போர்வையோடு படுத்திருந்தன. ஜன்னலோரக் கட்டில் மட்டும் காலி. வகுப்பு நேரத்தில் மாணவிகளில் ஒருத்தி அதில் நோயாளி மாதிரி படுப்பாள். மற்றவர்கள் அவளை வைத்துப் பழகுவார்கள்.

அந்தக் கட்டிலின் விரிப்பு கசங்கியிருந்தது. நர்ஸ் கண்ணுக்கு அது உறுத்துமா, உறுத்தாதா? இழுத்துச் சொருகினாள். தலையணையைத் தட்டி வைத்தாள்.

காலி நாற்காலிகளைப் பார்த்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். பாடம், நாடி பார்ப்பது.

"மூணு விரல் வைக்கணும். கட்டைவிரலை மட்டும் வைக்கவே கூடாது. ஏன்? கட்டைவிரலுக்குள்ளயே ஒரு துடிப்பு இருக்கு. அதை வச்சா நீங்க எண்ணுறது பேஷன்ட்டோட பல்ஸ் இல்ல, உங்க பல்ஸ்."

நன்றாக வந்தது. அவளுக்கே திருப்தி. திரும்பியபோது தலையணை கண்ணில் பட்டது.

நடுவில் ஒரு குழி. ஒரு தலை அளவுக்கு.

பழைய பஞ்சு, அமுங்கியிருக்கும் என்று மறுபடி தட்டினாள். கரும்பலகையில் ஒரு கை படம் வரைந்தாள். சுண்ணக்கட்டி கீச்சிட்டது. பின்னால் கட்டில் கம்பி மெல்ல முனகியது... யாராவது படுக்கும்போது முனகுமே, அந்த மாதிரி.

திரும்பினாள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். முதல் வருட மாணவி வயது. வெள்ளைச் சீருடை, காலரில் நீலக் கரை. போர்வை நெஞ்சு வரை.

"அம்மாடி... எப்ப வந்தே? பயந்தே போயிட்டேன்."

"நான்தான் அக்கா பேஷன்ட்" என்றாள் அவள்.

நாளைய பரீட்சைக்கு நோயாளியாகப் படுக்க அனுப்பியிருப்பார்கள் என்று பெரியக்கா நினைத்தாள். நல்லதாகப் போயிற்று, பொம்மைக்கு நாடி கிடையாது. பக்கத்தில் போனாள். அப்போதுதான் ஒன்று தோன்றியது. வெளியே இப்படிக் கொட்டுகிறது. இவள் தலைமுடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குடையும் இல்லை.

கையை எடுத்தாள். சில்லென்று இருந்தது. மழைக் குளிர்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

மூன்று விரல் வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

கொஞ்சம் நகர்த்தினாள். அழுத்தினாள். இல்லை. சாகக் கிடந்த கிழவர்களின் கையில்கூட நாடியைத் தேடிப் பிடித்தவள் அவள். அந்தக் கையை வைத்துவிட்டு அடுத்த கையை எடுத்தாள்.

இல்லை.

அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை.

"கிடைக்கலையா அக்கா?"

"இரும்மா..."

"எல்லாருக்கும் கிடைச்சுதே."

பெரியக்காவின் கண் போர்வைக்குப் போனது. நெஞ்சு மேல் கிடந்த போர்வை... ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

"கட்டைவிரல் வச்சுப் பாருங்க. கிடைக்கும்."

மாட்டேன் என்று மனசு சொன்னது. விரல் கேட்கவில்லை. தானாக நகர்ந்து அந்தக் குளிர்ந்த மணிக்கட்டில் உட்கார்ந்தது.

டப்... டப்... டப்... டப்...

ஓடுகிற துடிப்பு. யாருடைய துடிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

"எவ்வளவு அக்கா?"

கையை விட்டாள்.

அந்தக் கை கீழே விழவில்லை.

விட்ட இடத்திலேயே... காற்றில் நின்றது.

"இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா?" என்றது அந்தக் குரல். "நான் எந்திரிக்கலாமா?"

ஓடினாள்.

செருப்பு ஒன்று படியில் கழன்றது. எடுக்கவில்லை. சாவி அண்ணன் அறைக்குள் போய் விழுந்தபோது மணி ஐந்து நாற்பது. அவர் டார்ச்சோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "யாரும் இல்லையேம்மா. கட்டில் விரிச்சது விரிச்சபடி இருக்கு. பரீட்சைப் பயம் உனக்கு" என்றார்.

விடிய விடிய விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு வராமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். பிள்ளை முகம் விடவில்லை. காலையில் முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதே அறை. நல்ல வெயில். ஐந்து மாணவிகள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு குண்டுப் பெண், சிரிப்பை அடக்க முடியாமல் படுத்திருந்தாள். இவர்கள் யார் காலரிலும் நீலக் கரை இல்லை. மேடம் பேனாவோடு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

பெரியக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பாடம் தண்ணீர் மாதிரி ஓடியது. முதல் மாணவி எண்ணிவிட்டு, "எழுபத்தாறு மிஸ்" என்றாள். அடுத்தவள் எழுபத்தெட்டு. மூன்றாவது பெண் கட்டைவிரலை வைத்தாள்.

"கட்டைவிரல் வேண்டாம்மா. மூணு விரல்."

மேடம் தலையசைத்தது தெரிந்தது. இன்னும் இரண்டே பேர். இது முடிந்துவிட்டால் மகள் தன்னோடு வந்துவிடுவாள்.

அப்போதுதான் கவனித்தாள். படுத்திருந்த பெண்ணின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கண் மூடியிருந்தது. முகத்தில் அசைவே இல்லை.

முதுகுக்குப் பின்னால் அவளுடைய ஒரு கை இன்னொரு கையை நெரித்துப் பிடித்தது. நான்காவது மாணவி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுகிறாளே, துடிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பொறு. இன்னும் கொஞ்சம் பொறு...

"எண்பது மிஸ்."

நேற்றைய குரல் காதுக்குள் கேட்டது.

எல்லாருக்கும் கிடைச்சுதே.

பெரியக்காவின் கை பாய்ந்தது. மாணவியைத் தள்ளிவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். மூன்று விரல்.

சூடாக இருந்தது. துடித்தது.

குண்டுப் பெண் திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயோ, ஸாரி மிஸ்... தூங்கிட்டேன்."

மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள். மேடம் பேனாவை மூடினார்.

"ஆறு மாசம் கழிச்சு வாம்மா."

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அத்தை வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள். "அம்மா, பையில துணியெல்லாம் வச்சுட்டேன். எப்ப வருவே?" "கொஞ்ச நாள் ஆகும்டா கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தியேட்டர் தம்பி இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தான். "பேண்டேஜ் துணி தர்றேன்னு சொன்னேன், கேட்டீங்களா? அப்படி என்னக்கா அவசரம், கையை நீட்டுற அளவுக்கு?"

யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பிறகு சிரிக்கவில்லை. டீயில் ஆடை படிந்தது. அவன் குடிக்கவில்லை.

"காலர்ல நீலக் கரையா?"

"ஆமா."

"அது எங்க செட்டுக்கு மட்டும்தான் இருந்துச்சு அக்கா. அடுத்த வருஷமே எடுத்துட்டாங்க."

அவன் பயிற்சி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எங்க கூட ஒருத்தி படிச்சா. அமைதியான பொண்ணு. ஆடாம அசையாம படுப்பா, அதனால எப்பவும் அவளைத்தான் பேஷன்ட்டா படுக்கச் சொல்லுவோம். அன்னைக்கும் படுத்தா. வரிசையில நின்னு ஒவ்வொருத்தரா பல்ஸ் பார்த்தோம். டீச்சர் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாங்க, தொடக்கூடாதுல்ல... வகுப்பு முடிஞ்சு எழுப்புனா, அவ எந்திரிக்கல."

"என்னடா சொல்றே?"

"பிறவியிலேயே இதயத்துல கோளாறாம். யாருக்கும் தெரியாது. டாக்டர் வந்து பார்த்துட்டு, படுத்த கொஞ்ச நேரத்துலயே உயிர் போயிருச்சுன்னு சொன்னார். முதல் ஆள் தொடுறதுக்கு முன்னாடியே."

பெரியக்கா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"அப்ப நீங்க எல்லாரும்..."

"பதினோரு பேர் பார்த்தோம் அக்கா. பதினோரு பேரும் எண்ணிச் சொன்னோம்."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"எனக்கு எண்பத்திரண்டு வந்துச்சு."